வாக்கின் எடை: குடவோலை முதல் அமெரிக்கத் தேர்தல் வரை

முன்னுரை

அமெரிக்க அதிபர் தேர்தல் நான்காண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அது வரும்போதெல்லாம் நம் கடற்கரை ஊர்த் தேநீர்க் கடைகளிலும் அது பேசப்படுகின்றது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் போட்டியிட்ட கமலா ஹாரிசின் தாய்வழிப் பாட்டனார் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் ஆகும். அவ்வூர்க் கோயிலில் அவருக்காக வழிபாடு நிகழ்ந்த செய்தியை நாளிதழ்கள் படத்துடன் வெளியிட்டன. அவர் 226 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றார். தொனால்டு டிரம்பு 312 பெற்று வென்றார்.

இத்தகைய செய்திகளைப் படிக்கும் மாணவர் உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழுகின்றன. மிகுதியான மக்கள் வாக்குப் பெற்றவரும் தோற்க நேர்வது எவ்வாறு? அந்நாட்டு முறை சிறந்ததா, நம் முறை சிறந்ததா? இராமநாதபுரம் கடற்கரையில் வாழும் நமக்கு இதனால் ஆவது என்ன? வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைக் காட்டிலும் இவ்வினாக்களே ஆராயத்தக்கவை. ஒரு வாக்குக்கு எடை எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு குறைகிறது என்பதைத் தமிழ்ச் சான்றுகளோடும் நம் வட்டாரச் சான்றுகளோடும் ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

‘வாக்கு’ என்னும் சொல்லுக்குச் ‘சொல்’ என்பது முதற்பொருள். ‘உறுதிமொழி’ என்பது அடுத்த பொருள். ‘வாக்குக் கொடுத்தான்’, ‘வாக்குத் தவறினான்’ என்னும் வழக்குகள் இதனை விளக்கும். தேர்தலில் அளிக்கும் தெரிவுக்கு இச்சொல் வழங்கியது பிற்காலத்தில் ஆகும். நாம் ‘ஓட்டு’ என்று வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு வேர், நேர்த்திக்கடன், சூளுரை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். இருவேறு மொழியினர், தேர்தலைக் குறிக்க உறுதிமொழியைச் சுட்டும் சொல்லையே கொண்டிருப்பது எண்ணத்தக்கது.

‘வேட்பாளர்’ என்னும் சொல் விருப்பத்தைக் குறிக்கும் ‘வேட்பு’ என்பதன் அடியாகப் பிறந்தது. ஆங்கிலத்தில் வேட்பாளரைக் குறிக்கும் சொல்லோ, வெள்ளாடை அணிந்தவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பண்டைய உரோமாபுரியில் பதவி நாடியவர்கள் வெளுத்த மேலாடை உடுத்தி மக்கள் முன் நின்றனர். நம் நாட்டு வேட்பாளர்களின் வெள்ளை வேட்டியும் சட்டையும் அவ்வழக்கத்தை நினைவூட்டுகின்றன. ஆடையின் வெண்மை உள்ளத்தின் தூய்மைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. அடையாளத்தைக் கண்டு அமைந்துவிடாமல் உள்ளத்தை ஆராய்வது வாக்காளர் கடன். வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்ததும் இக்கடனை உணர்த்தவே எனலாம்.

குடத்தில் இட்ட ஓலை

ஓலையைக் குடத்தில் இட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. அகநானூற்றின் 77ஆம் பாடல், கயிற்றால் பிணித்த குடத்திலிருந்து ஓலை எடுப்போரை உவமையாகக் கூறுகின்றது. பாலை வழியின் கொடுமையைச் சொல்ல வந்த புலவர் இக்காட்சியை உவமையாக்கினார் என்றால், அது கேட்போர்க்குப் பழகிய காட்சியாக இருந்திருத்தல் வேண்டும்.

முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, கி.பி. 919, 921 காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இம்முறையை விரிவாக விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். நடுநிலையாளர் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்று, சபையோர் கேட்க வாசித்தார். கைக்குள் வேறோர் ஓலையை மறைக்க வழியில்லாமற் செய்வதே விரல்களை விரித்ததன் நோக்கம். இவ்வாறு சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அமைந்தன. உறுப்பினர் பதவிக்காலம் 360 நாள்.

இக்கல்வெட்டின் உயிர்நாடியான விதி ஒன்று உண்டு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் வரலாகாது; அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. பொதுப்பொருளுக்குக் கணக்குக் காட்டாதவரின் குடும்பமே விலக்கப்பட்டது என்பதைக் காணும்போது வியப்பு மேலிடுகின்றது.

ஆயினும் பெருமை பேசி அமைந்துவிடுதல் ஆய்வாகாது. குடவோலை முறையில் மக்கள் வாக்களிக்கவில்லை. திருவுளச் சீட்டுப் போன்ற முறையிலேயே பெயர் எடுக்கப்பட்டது. உத்தரமேரூர் அந்தணர் ஊராகிய சதுர்வேதி மங்கலம். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகளாக வைக்கப்பட்டன. பெண்ணுக்கும், நிலமற்ற உழவனுக்கும், கைவினைஞனுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. முறை தூயது, வாயில் குறுகியது. பின்னர் எழுந்த தேர்தல் முறைகள் பலவற்றிலும் இக்குறை காணப்படுகின்றது.

அமெரிக்கத் துலாக்கோல்

அமெரிக்க அரசியலமைப்பு 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் வரையப்பட்டது. அதன்படி அதிபரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை; மாநிலங்களின் தேர்வாளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். கீழவை உறுப்பினர் 435, மேலவை உறுப்பினர் 100 ஆகிய எண்ணிக்கைகளுக்கு ஈடான தேர்வாளர்களோடு தலைநகர் வாசிங்டனுக்குரிய 3 பேரையும் கூட்ட, மொத்தம் 538. இவருள் 270 பேரைப் பெற்றவரே அதிபர். மெயின், நெபராசுகா என்னும் இரண்டு மாநிலங்கள் நீங்கலாக, மாநிலத்தில் முதலிடம் பெற்றவர்க்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் உரியர்.

மேலவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடம் என்பதால், சிறிய மாநிலத்தின் எடை கூடுகின்றது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வயோமிங் மாநில மக்கள் ஏறத்தாழ 5 இலட்சத்து 77 ஆயிரம், தேர்வாளர் 3. கலிபோர்னியாவின் மக்கள் ஏறத்தாழ 3 கோடியே 95 இலட்சம், தேர்வாளர் 54. ஆகவே வயோமிங்கில் 1 இலட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஒரு தேர்வாளர். கலிபோர்னியாவில் 7 இலட்சத்து 32 ஆயிரம் பேருக்கு ஒருவர். ஒரே நாட்டுக் குடிமக்களின் வாக்குகள் இவ்வாறு வேறுவேறு எடையுடன் நிறுக்கப்படுகின்றன.

மாணவரின் முதல் வினாவிற்கு விடை இதுவே. 2000ஆம் ஆண்டில் அல் கோர் நாடு முழுவதிலும் 5 இலட்சத்திற்கும் மிகுதியான வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றார். புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகளில் பின்தங்கியதால் பதவியை இழந்தார். 2016ஆம் ஆண்டில் இலாரி கிளிண்டன் 28 இலட்சத்திற்கும் மிகுதியாகப் பெற்றும் வெற்றி பெறவில்லை. 2024ஆம் ஆண்டில் டிரம்பு இரு கணக்கிலும் முன்னிலை பெற்றார்.

இராமேசுவரத்திலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகைக்கு

இம்முறையைக் கண்டு நகைக்கும் முன்னர், நம் ஊர்ச் சான்று ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 2002ஆம் ஆண்டில் இந்தியக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஒரு வாக்காளர் குழுவினால்தான். இராமேசுவரத்து மீனவரோ சங்கு வணிகரோ அவருக்கு நேரே வாக்களிக்கவில்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே வாக்களித்தனர். எதிர்த்து நின்ற கேப்டன் இலட்சுமி சாகலுக்கு 1,07,366, கலாமுக்கு 9,22,884 என வெளியிடப்பட்டவை வாக்காளரின் எண்ணிக்கை அல்ல. வாக்குகளின் மதிப்பு ஆகும்.

அம்மதிப்பைக் கணக்கிடும் முறை அறியத்தக்கது. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4,11,99,168. இதனைச் சட்டமன்ற உறுப்பினர் தொகையாகிய 234ஆல் வகுத்து, வரும் ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் 176 கிடைக்கும். அதுவே தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்கின் மதிப்பு. உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208. சிக்கிம் உறுப்பினருக்கு 7. எண்கள் வேறாயினும், ஒவ்வொன்றின் பின்னும் நிற்கும் மக்கள் அளவு ஒத்ததே. அமெரிக்க முறை மாநிலங்களை நிறுக்க, நம் முறை மக்களை நிறுக்கின்றது எனலாம்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. எல்லா மாநிலத்துக்கும் 1971ஆம் ஆண்டுக் கணக்கையே கொண்டது ஏன்? குடும்ப நலத் திட்டத்தைச் செவ்வனே நிறைவேற்றிய மாநிலம் அதனாலேயே எடை குறையலாகாது என்பதற்காக, 1976ஆம் ஆண்டு 42ஆம் திருத்தம் அக்கணக்கை நிலைநிறுத்தியது. 2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 84ஆம் திருத்தம், 2026ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வெளிவரும் வரை அதனை நீட்டித்தது. 1962ஆம் ஆண்டில் மக்களவையில் 41 இடம் பெற்றிருந்த நம் மாநிலம் 1967ஆம் ஆண்டில் 39 இடமாகக் குறைந்ததை மூத்தோர் அறிவர். தொகுதி வரையறை பற்றிய இன்றைய கவலைக்கு வேர் அங்கே இருக்கின்றது. மக்களை நிறுப்பதா, மாநிலங்களை நிறுப்பதா என்னும் அமெரிக்க வினா நம் வாயிலுக்கும் வந்துவிட்டது.

வாயில் திறந்த வரலாறு

எடையைக் காண்பதற்கு முன்னர், தராசில் ஏற யாருக்கு இடம் இருந்தது என்பதைக் காணுதல் முறை. அமெரிக்க அரசியலமைப்பு முதலில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகவே கணக்கில் கொண்டது. அப்பங்கும் அவர்களை அடிமைப்படுத்திய மாநிலங்களின் எடையையே கூட்டிற்று. 1870ஆம் ஆண்டு 15ஆம் திருத்தம், நிறம் காரணமாக வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. பெண்களுக்கு 1920ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் உரிமை உறுதியாயிற்று. தென் மாநிலங்களோ எழுத்தறிவுத் தேர்வு வைத்தும், தலைவரி கேட்டும் கறுப்பின மக்களை வாயிலிலேயே தடுத்தன. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னரே அக்கதவு திறந்தது.

நம் நாட்டிலும் வெள்ளையர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி ஆகியவை உடையோர்க்கே வாக்குரிமை. அவ்வரையறைக்குள் நடந்த 1937ஆம் ஆண்டுத் தேர்தலில், இராமநாதபுரம் அரசரைப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் வென்றது இம்மாவட்ட வரலாற்றில் ஒரு திருப்பம். ஆனால் வயது வந்தோர் அனைவரும் தராசில் ஏறியது 1951-52ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலில்தான். அப்போது வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மீது சின்னம் ஒட்டப்பட்டது. எழுத்தறியாதவரும் தம் தெரிவைத் தாமே செய்தனர்.

இங்கே இரு நாடுகளையும் ஒப்பிட்டு நோக்குக. எழுத்தறிவின்மையைக் காரணங்காட்டிக் குடிமக்களை வெளியே நிறுத்த அமெரிக்கத் தென் மாநிலங்கள் தேர்வு நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எழுத்தறியாதவரையும் உள்ளே அழைக்க நம் நாடு சின்னம் வரைந்து கொடுத்தது. மாணவரின் இரண்டாம் வினாவிற்கு, வாயிலைப் பொறுத்தவரை விடை இதுவே. பனையேறும் தொழிலாளியும் முத்துக் குளித்த முதியவரும் பெற்ற இவ்வுரிமை, பல்கலைக்கழகப் பட்டத்தினும் பெரிது.

சமயம் பற்றிய செய்தி ஒன்றும் குறிப்பிடத்தக்கது. பதவிக்குச் சமயத் தகுதி எதுவும் கேட்கலாகாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு. ஆயினும் அந்நாட்டுப் பேரவைக்கு முதல் முஸ்லிம் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டது 2006ஆம் ஆண்டில்தான். அவர் கீத் எல்லிசன். தாமசு செபர்சன் வைத்திருந்த திருக்குர்ஆன் மொழிபெயர்ப்புப் படியின்மீது கைவைத்து அவர் உறுதிமொழி எடுத்தார். 2025ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கு மாநகரத் தலைவராகச் சொகரான் மம்தானி தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் இராமநாதபுரமோ 1967ஆம் ஆண்டிலேயே முஸ்லிம் லீகைச் சேர்ந்த எஸ்.எம். முகம்மது செரீபை மக்களவைக்கு அனுப்பியது. 2014ஆம் ஆண்டில் அ.தி.மு.க.வின் அன்வர் ராஜாவும், 2019, 2024ஆம் ஆண்டுகளில் முஸ்லிம் லீகின் நவாஸ்கனியும் இத்தொகுதியில் வென்றனர். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக இல்லாத தொகுதியில், எல்லாச் சமூகத்தாரின் வாக்கினாலும் இவர்கள் வென்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வகுத்த தனித்தொகுதி முறையில் வேட்பாளர் தம் சமூகத்தாரிடம் மட்டும் கேட்டால் போதும். கூட்டுத்தொகுதியில் எல்லார் வாயிலுக்கும் செல்லுதல் வேண்டும்.

நம் முறையின் குறைகளும் மறைக்கத்தக்கன அல்ல. 2024ஆம் ஆண்டில் வென்றவர் பெற்றவை 5,09,664 வாக்குகள். இரண்டாமிடம் வந்த முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பெற்றவை 3,42,882. வேறுபாடு 1,66,782 ஆயினும், வென்றவர் பங்கு பதிவான வாக்குகளில் பாதியைத் தொடவில்லை. இது எவர்க்கும் குறையன்று. முந்தியவரே வென்றவர் என்னும் முறையின் இயல்பு. அத்தேர்தலில் அதே தலைப்பெழுத்தும் அதே பெயரும் உடைய வேறு சிலரும் களத்தில் நின்றனர். பெயரொப்புமையால் வாக்காளர் மயங்காதிருக்கவே 2015ஆம் ஆண்டு முதல் வாக்குச்சீட்டில் வேட்பாளர் நிழற்படமும் அச்சிடப்படுகின்றது.

கடல் கடந்தோர் வாக்கு

அமெரிக்கர் நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமையில் வாக்களிப்பது 1845ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வழக்கம். அறுவடை முடிந்திருக்கும், ஞாயிறன்று தேவாலயம் சென்றவர் திங்களன்று வண்டி கட்டிப் புறப்பட்டுச் செவ்வாயன்று நகர் சேரலாம். உழவரின் நாட்காட்டியை நோக்கி அந்நாள் குறிக்கப்பட்டது. இன்று அந்நாடு உழவர் நாடன்று. எனினும் அந்நாள் மாறவில்லை. நாடு முழுவதற்குமான விடுமுறையும் இல்லை. நம் நாட்டில் வாக்குப்பதிவு நாளுக்கு ஊதியத்துடன் விடுப்பு அளிப்பது சட்டம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நாம் வாக்களித்தபோது, ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. பாம்பனிலும் இராமேசுவரத்திலும் விசைப்படகுகள் கரையில் நின்றன. படகோட்டிகளும் ஊரில் இருந்தனர். கடலோடியின் நாட்காட்டியும் தேர்தல் நாட்காட்டியும் ஒத்துவருதல் நன்று.

ஆனால் கடல் கடந்தவர் நிலை வேறு. கீழக்கரை, தேவிபட்டினம், பனைக்குளம், பெரியபட்டினம் முதலிய ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பொருள் தேடிச் சென்றோர் ஏராளம். அமெரிக்கக் குடிமகன் துபாயில் பணிபுரிந்தாலும், 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அஞ்சல்வழி வாக்களிக்கிறான். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், வெளிநாட்டில் வாழும் குடிமகன் பெயர் பட்டியலில் இடம்பெற வழி செய்தது. ஆனால் அவர் வாக்குச்சாவடிக்கு நேரில் வருதல் வேண்டும். பதிலாள் வழியாக வாக்களிக்க வகை செய்யும் வரைவு 2018ஆம் ஆண்டு மக்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமல் காலாவதியாயிற்று. ஒரே நகரில், ஒரே கட்டடத்தில் பணிபுரியும் இருவருள் அமெரிக்கனின் வாக்கு எண்ணப்படுகின்றது. நம்மவர் வாக்கு வானூர்திக் கட்டணத்துக்கு அஞ்சி நின்றுவிடுகின்றது. வாக்கின் எடை குறைவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம் வீடுகளில் இல்லை.

சாட்சியமும் அமானிதமும்

வாக்களித்தலைச் சாட்சியம் கூறுதலோடு ஒப்பிட்டு விளக்கிய மார்க்க அறிஞர்கள் உளர். இவர் இப்பணிக்குத் தக்கவர் என்று பொதுமன்றில் சான்றுரைப்பதே வாக்கு. தமக்கோ பெற்றோர்க்கோ உறவினர்க்கோ எதிராக அமையினும் நீதியின்பால் நின்று சான்று பகருமாறு திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கின்றது. கலந்தாய்வைக் குறிக்கும் ‘ஷூரா’ என்பதையே பெயராகக் கொண்ட அத்தியாயமும் அம்மறையில் உண்டு. கலீபா உமர் அவர்கள் தம் இறுதி நாளில் அடுத்த தலைவரைத் தெரிந்தெடுக்க அறுவர் கொண்ட குழுவை அமைத்தார்கள். தம் மகனைப் பதவிக்கு உரியவராக்கவில்லை. அளவையில் குறைத்து மோசடி செய்வோரைக் கண்டிக்கத் தனி அத்தியாயமே அமைந்திருப்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வள்ளுவரும் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாகக் காட்டுகின்றார்.

வாக்கு சாட்சியமானால், பணம் பெற்று அளிக்கும் வாக்கு எதுவாகும்? விலைக்கு விற்ற சாட்சியமாகும். பணப் பட்டுவாடா காரணமாக 2017ஆம் ஆண்டு சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019ஆம் ஆண்டு வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவிலும் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னர், நிறுவனங்கள் தேர்தலுக்காகத் தனித்துச் செலவிடும் தொகைக்கு வரம்பு இல்லை. நம் உச்ச நீதிமன்றமோ, கொடுத்தவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் செல்லாது என்றது. கணக்குக் காட்டாதவர் வரலாகாது என்னும் உத்தரமேரூர் விதி ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் வழக்காடிக்கொண்டிருக்கின்றது.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால், வாக்கின் எடை மூன்று இடங்களில் குறைகின்றது எனத் தொகுத்துக் கூறலாம். வாயிலில் தடுக்கப்படும்போதும், நிறுக்கும் கோல் கோணும்போதும், வாக்காளரே அதனை விற்கும்போதும் குறைகின்றது. முதலிரண்டையும் சீராக்கச் சட்டம் வேண்டும். மூன்றாவதைச் சீராக்க நாமே போதும்.

மாணவரின் மூன்றாம் வினாவிற்கும் இதிலேயே விடை உண்டு. புளோரிடாவின் 537 வாக்குகள் உலக வரலாற்றை மாற்றின. 2016ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் நெல்லை மாவட்டத்து இராதாபுரம் தொகுதியின் முடிவை 49 வாக்குகள் தீர்மானித்தன. அது ஒரு வகுப்பறை மாணவர் தொகைக்கு நிகர். பதினெட்டு வயது நிறைந்தோர்க்கு வாக்குரிமை 1989ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீடுதோறும் படிவம் வழங்கப்பட்டது. படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தும் பாட்டியின் படிவம் நிரப்பப்படாமற் போனால், அக்கல்வியினால் ஆய பயன் என்ன?

மாணவச் செல்வங்கள் அமெரிக்க அரசியலை ஆர்வத்தோடு பயிலட்டும். அதனோடு தம் தெருவின் வாக்காளர் பட்டியலையும் ஒருமுறை பார்க்கட்டும். கடல் கடந்து உழைக்கும் தந்தையர்க்கும் தமையன்மார்க்கும் அங்கிருந்தே வாக்களிக்கும் உரிமை வேண்டுமென ஊர்ப் பெரியவர்களும் கல்வி நிறுவனங்களும் ஒருமித்துக் கேட்டல் வேண்டும். குடத்தில் நம் ஓலை இருக்கின்றதா என்று பார்ப்பது முதற்கடமை. அந்த ஓலையை விலைபேசாதிருப்பது தலையாய கடமை.